தாசில்தார் எண்ணிய காற்று

பேட்டை ரோடு,
திருநெல்வேலி டவுண்,
2 செப்டம்பர் 2025

என் அருமை மருமகள் ஷம்ஸியாவுக்கு,

எட்டுத் திக்கிலும் கொடி பறக்கும் பரோட்டாக் கடையின் சக்கரவர்த்தியும், உன் உம்மாவுக்கு ஒரே தம்பியுமாகிய தாஜ் முகம்மது மாமா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நான், உன் மாமி ஹமீது பீவி, கடை, பரோட்டாக் கல், எல்லோரும் சுகம்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனை எடுத்தால் இரண்டாவது வார்த்தையில் உன் மாமி பிடுங்கிக்கொள்கிறாள். கடிதத்தில் குறுக்கே பேச ஆள் கிடையாது. என்னைப் போன்றவர்களுக்காகத்தான் தபால் இலாகாவையே ஏற்படுத்தியிருக்கிறார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். உன் உம்மா, என் லாத்தா, மவுத்தான பிறகு என் வீடுதான் உனக்குத் தாய்வீடு. ஏழாம் மாதம் உன்னை அழைத்து வந்து பிரசவம் பார்த்து அனுப்புவது என் உரிமை, என் கடமை, என் கவுரவம். மாடி அறைக்குச் சுண்ணாம்பு அடித்தாயிற்று. சுவரின் வெளிச்சத்தில் விமானங்கள் பாதை மாறுவதாகத் தூத்துக்குடியிலிருந்து புகார். தேக்குக் கட்டிலை மாடிக்கு ஏற்றினோம். ஏற்றிய ஆறு பேரில் நாலு பேர் இன்னும் நிமிரவில்லை.

இந்த நேரத்தில் உன் மாப்பிள்ளை ரசீத் போனில் இழுக்கிறார். "ஷம்ஸியா யோசிக்கிறாள் மாமா. அங்கே காற்று எப்படியோ என்று..."

காற்றா? பொதிகை மலையில் புறப்படும் தென்றல், தாமிரபரணியில் ஒரு முழுக்குப் போட்டு, வயல்களில் தலை துவட்டிக்கொண்டு, வழியில் ஒரு டீக்கடையிலும் நிற்காமல் நேரே நம் மாடி ஜன்னலுக்குள் வருகிறது. இந்தக் காற்றைப் பாட்டிலில் அடைத்துப் பெங்களூருக்கு அனுப்பினால் நீங்கள் அதைக் கரண்டியில் ஊற்றிக் குடிப்பீர்கள். காற்றை அளக்கும் ஆபீசில் வேலை பார்த்தால் மாமா வீட்டுக் காற்றையுமா சந்தேகப்படுவது?

பதில் எழுது. வருகிறேன் என்று மட்டும் எழுது.

உன் மேல் உயிரையும் அதற்கு மேலும் வைத்திருக்கும்,
தாஜ் முகம்மது மாமா

*

பெங்களூர்,
9 செப்டம்பர் 2025

அன்புள்ள மாமா,

வ அலைக்கும் ஸலாம். உங்கள் கடிதத்தை ரசீத்துக்கு வாசித்துக் காட்டினேன். விமானம் வரும் இடத்தில் அவருக்குப் புரையேறிவிட்டது.

உங்கள் வீட்டுக்கு வர எனக்கு ஆசை இல்லை என்று நினைத்தீர்கள் என்றால் அது பாவம். நான் பயப்படுவது கண்ணுக்குத் தெரியும் தூசிக்கு இல்லை. எதை எரித்தாலும் வறுத்தாலும் கிளம்புகிற ஒரு வகைத் துகள் உண்டு. தலைமுடி ஒன்றின் குறுக்கே ஆயிரத்தை வரிசையாக நிறுத்தலாம், அவ்வளவு சிறியது. எடை போட்டால் ஒன்றும் இராது. அதனால் தூசியை எடை போடுகிற மெஷின்களுக்கு அது இருப்பதே தெரியாது. ஒன்று ஒன்றாக எண்ணித்தான் பார்க்க வேண்டும். மூக்கு அதைத் தடுக்காது. நுரையீரலின் அடிவரை போய், அங்கிருந்து ரத்தத்துக்குள்ளும் கடந்துவிடும். இருதயத்துக்கு ஆகாது. கர்ப்பிணிகள் அதிகம் சுவாசித்தால் பிள்ளை எடை குறைந்தோ மாதம் நிறையாமலோ பிறக்கலாம் என்று சில ஆராய்ச்சிகள் சொல்லுகின்றன. முழுசாகத் தெரிந்துவிட்டது என்று யாரும் சொல்லவில்லை. நானும் சொல்ல மாட்டேன்.

ஆனால் மாமா, போன முறை என் பிள்ளை மாதம் நிறையாமல் பிறந்து கையில் தங்காமல் போனான். காரணம் இன்னது என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. அதற்காகக் காற்றைக் குற்றவாளி ஆக்கவில்லை. என்னால் குறைக்க முடிந்தது எதுவோ, அதைக் குறைத்துவிட்டுத்தான் இந்த முறை பிரசவத்துக்குப் போய்ப் படுப்பேன். அவ்வளவுதான்.

என்னோடு வேலை பார்க்கும் எஸ்றா பாளையங்கோட்டைக்காரர். லீவில் ஊருக்கு வருகிறார். எண்ணுகிற மெஷினை அவரிடம் கொடுத்துவிடுகிறேன். மாடி ஜன்னலில் வைத்துக் காலை, மதியம், மாலை மூன்று வேளையும் பார்த்து எழுதுங்கள். உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். மாமிக்கு என் சலாம். போனில் பேசும்போது மாமிக்கு நடுவில் மூச்சு வாங்குகிறதே, ஏன்?

அன்பு மருமகள்,
ஷம்ஸியா

*

திருநெல்வேலி டவுண்,
24 செப்டம்பர் 2025

காற்றை எண்ணும் கணக்குப்பிள்ளையாகிய என் மருமகளுக்கு,

சலாம். உன் மெஷின் வந்து சேர்ந்தது. பள்ளிக்கூடப் பிள்ளையின் டிபன் டப்பா அளவு உடம்பு, முன்னால் ஒரு குழாய் மூக்கு. உட்கார்ந்த இடத்தை விட்டு அசையாமல் உர்ரென்று இருக்கிறது. யார் என்ன கொடுத்தாலும் திருப்தி கிடையாது. ஆகையால் தாசில்தார் என்று பெயர் வைத்திருக்கிறேன்.

தாசில்தார் வருகிறார் என்றதும் சும்மா இருப்பேனா? விருந்தாளி வருமுன் வீட்டை மணக்கவைப்பது நம் வழக்கம். வெள்ளிக்கிழமை கடை கடையாகச் சாம்பிராணி போட வரும் பாவாவை வீட்டுக்குள் கூப்பிட்டு, ஒரு மூலை விடாமல் புகை போடச் சொன்னேன். எஸ்றா படியேறி வந்தபோது எதிரே நின்ற என்னையே அவருக்குத் தெரியவில்லை. பிறகு மெஷினைத் திறந்து ஒரு திரியை எடுத்தார், ஒரு பாட்டிலில் நனைத்தார்.

"அது என்ன தம்பி?" என்றேன்.

"ஆல்கஹால் பாய். இது இல்லாம மெஷின் ஓடாது."

உன் மாமி அடுக்களையிலிருந்து வந்துவிட்டாள். "குடிகார மெஷினுக்கு நம்ம வீட்டுல எடம் இல்ல, பாத்துக்கிடுங்க. பக்கத்துலதான் பள்ளிவாசல் இருக்கு."

"இது குடிக்கிற சரக்கு இல்ல மாமி, ஆஸ்பத்திரி ஸ்பிரிட் மாதிரி" என்று எஸ்றா கெஞ்சினார். "இதோட ஆவி துகள் மேல படிஞ்சு அதைப் பெருசாக்கும். பெருசான பொறவுதான் எண்ண முடியும்."

சின்னதைப் பெரிதாக்கிக் காட்டுகிற மெஷின் என்றதும் அது நம் இனம் என்று தெரிந்துகொண்டேன். உட்காரவைத்துவிட்டேன்.

எஸ்றா பொத்தானை அழுத்தினார். கற்கண்டுத் துண்டு அளவு காற்றில் எத்தனை துகள் என்று எண் காட்டும் என்றார். எண் ஏறியது, ஏறியது, நாலு லட்சத்தைத் தாண்டியது. எனக்குப் பூரிப்பு தாங்கவில்லை. நாலு லட்சம் மார்க்கு. கீழே ஆள் அனுப்பி எல்லோருக்கும் அல்வா வாங்கி வரச் சொன்னேன். எஸ்றா அல்வாவைக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார். "பாய், இது கூடக் கூட மோசம்" என்றார்.

சாம்பிராணிக்கு அந்தப் புத்தி இருக்கும் என்று யார் கண்டது? நல்லவர்கள் வீட்டில் வளர்ந்த புகை. சரி, பாவாவுக்கு இனி வாசலோடு சலாம்.

மறுநாள் காலையும் மதியமும் பார்த்தேன். முப்பதாயிரம், நாற்பதாயிரம் என்று காட்டியது. எதிரி யார் என்று ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். நேர் கீழே டவுண் பஸ். ஆள் ஏறும் வரை எஞ்சினை ஓடவிட்டு நிற்கிறது. படை திரட்டி இறங்கினேன். படை என்றால் நான்.

"கிருபைராஜ், எஞ்சினை அமத்தும் வே" என்றேன் டிரைவரிடம்.

"அமத்துனா பொறவு கிளம்பாது பாய். பேட்டரி செத்துக் கெடக்கு. நீரு வந்து தள்ளுவீரா?"

"தள்ளுதேன் வே. என் மருமவ மாசமா இருக்கா. அவ பெத்து எந்திரிக்கிற வரைக்கும் ஒம்ம பஸ்ஸ நான் தள்ளுதேன்."

தள்ளினேன் ஷம்ஸியா. என் மாஸ்டர், சப்ளையர், சாப்பிட்ட கையோடு வந்த இரண்டு வாடிக்கையாளர்கள், எல்லோரும் தள்ளினோம். நான் தொட்ட வேகத்தில் பஸ் தென்காசி வரை எஞ்சின் இல்லாமலே போயிருக்கும், கிருபைராஜ்தான் பிரேக் போட்டுவிட்டார். இரண்டு நாள் தள்ளியதைப் பார்த்து அவருக்கே மனம் இளகியது. "போதும் பாய், ஆளுக சிரிக்காவ. நான் அங்கன மூடிக் கெடக்க ரைஸ் மில் முன்னால நிறுத்திக்கிடுதேன்" என்றார். வெற்றி. காலையும் மதியமும் இப்போது பத்தாயிரத்துக்குப் பக்கம்.

ஒரே ஒரு குறை. சாயங்காலம் விளக்கு வைத்ததும் சப்ளையரை மாடிக்கு அனுப்பிப் பார்க்கச் சொன்னால், தாசில்தாருக்கு எண் கிடுகிடுவென ஏறி ஒன்றரை லட்சத்தில் நிற்கிறதாம். அந்த நேரத்தில் பஸ்ஸும் இல்லை, பாவாவும் இல்லை. நானே ஆராய்ந்து காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டேன். காலையிலிருந்து ஆல்கஹாலில் ஊறிய மெஷினுக்குச் சாயங்காலம் போதை ஏறிவிடுகிறது. அதை நீ கணக்கில் சேர்க்காதே. புறப்படு.

வெற்றி வீரன்,
தாஜ் முகம்மது மாமா

*

பெங்களூர்,
30 செப்டம்பர் 2025

அன்புள்ள மாமா,

என் வீட்டுக்காரருக்காகக்கூட நான் ஒரு பஸ்ஸைத் தள்ள மாட்டேன். எனக்காக நீங்கள் தள்ளியதை நினைத்துச் சிரிப்பும் வருகிறது, கண்ணும் நிறைகிறது.

மெஷினுக்குப் போதை ஏறாது. சாயங்காலம் மாடிக்குக் கீழே என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். உங்கள் கடையில் கல் சூடாகிறது. எண்ணெய் புகைகிறது. பொரிச்ச பரோட்டாவுக்குச் சட்டி கொதிக்கிறது. அந்தப் புகை ஜன்னல் வழியாக மாடிக்குத்தான் ஏறுகிறது.

ரசீத்தின் உம்மா உடன்குடியில் அவர்கள் வீட்டுக்கு வரச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். தோட்டத்துக்குள் வீடு, பக்கத்தில் ரோடு இல்லை. கடையை மூடுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. அதனால் நான் அங்கே போகட்டுமா மாமா? கோபப்படாமல் யோசித்து எழுதுங்கள்.

ஷம்ஸியா

*

திருநெல்வேலி டவுண்,
6 அக்டோபர் 2025

ஷம்ஸியாவுக்கு,

சலாம். உடன்குடியா? கருப்பட்டி காய்ச்சும் ஊரில் புகையே இல்லையாமா? அங்கே பதநீர் நிலா வெளிச்சத்தில் கொதிக்கிறதோ?

என் கல்லின் மேல் பழி போட்டுவிட்டாய். அந்தக் கல் ஒருநாள் ஆறினால் பேட்டையிலிருந்து பாளையங்கோட்டை வரை சனங்கள் ராத்திரிச் சாப்பாடு இல்லாமல் தெருவில் நிற்கும். அந்தக் கல்லடியில் முப்பது வருஷமாக நிற்கிறேன். என் நுரையீரல் இரும்புச் சட்டி போலப் பழகிப் போயிருக்கிறது. உன் உம்மா கல்யாணத்துக்கும் அந்தக் கல்தான் சோறு போட்டது.

உனக்கு அங்கே வசதி என்றால் உடன்குடிக்கே போ. கட்டிலைக் கீழே இறக்கச் சொல்லிவிடுகிறேன்.

தாஜ் முகம்மது

*

பெங்களூர்,
11 அக்டோபர் 2025

அன்புள்ள மாமா,

கையெழுத்தில் "மாமா" என்று போடவில்லை. மறந்திருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன்.

உடன்குடியில் இப்போது காய்ச்சுகிற காலம் இல்லை. விசாரித்துவிட்டேன். உங்கள் நுரையீரலும் இரும்புச் சட்டி இல்லை. எந்த நுரையீரலும் புகைக்குப் பழகுவதில்லை மாமா, வாங்கி வைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான்.

போன முறை ஆஸ்பத்திரியில் நான் கண் விழித்தபோது நீங்கள் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தீர்கள். ஒரு வார்த்தை பேசவில்லை. சாயங்காலம் வரை பேசவில்லை. அன்றைக்கு நீங்கள் ஒரு பொய்யாவது சொல்லியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். உங்களால் முடியவில்லை. உங்களை இன்னொரு முறை அப்படி உட்காரவைக்க நான் விரும்பவில்லை. அதற்காகத்தான் இவ்வளவு பிடிவாதம்.

மாதக் கடைசியில் உடன்குடிக்குப் போகிறேன். கோபம் தீர்ந்ததும் வந்து பாருங்கள்.

உங்கள்,
ஷம்ஸியா

*

திருநெல்வேலி டவுண்,
27 அக்டோபர் 2025

என் செல்ல மருமகளுக்கு,

சலாம். உன் கடிதம் வந்த அன்று கடையில் மாஸ்டரை விட்டுவிட்டு, விளக்கு வைத்ததும் மாடிக்குப் போனேன். அந்த நேரத்தில் நான் மாடி ஏறியது கடை வைத்த பிறகு அதுதான் முதல் தடவை. அந்நேரம் நான் எப்போதும் கல்லடியில். மாடியில் அப்போது காற்று எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியவே தெரியாது.

உன் மாமி எல்லா ஜன்னலையும் சாத்தி, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும், "என்ன, கல்லு அணைஞ்சு போச்சா?" என்றாள்.

"நீ ஏன் இப்படி இருக்க?"

"நான் தெனமும் இப்படித்தான் இருக்கேன். ஊருக்குப் பரோட்டாவப் போடுதீங்க. எனக்குப் பொகையப் போடுதீங்க."

"ஒரு நாளாவது சொன்னியா புள்ள?"

"நீங்க பேசி முடிச்சாத்தானே நான் சொல்லுததுக்கு."

ஷம்ஸியா, என் வாயை அடைத்தவர்கள் இந்த உலகத்தில் இரண்டே பேர். நீ ஒருத்தி, இவள் ஒருத்தி. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் எனக்கும் இருமல் வந்தது. இரும்புச் சட்டி இருமாது.

கல்லை அணைக்க எனக்கு மனம் வராது, அது உனக்கே தெரியும். ஆனால் கல்லுக்குக் கால் இல்லை என்று யார் சொன்னது? தெரு முனையில் சிவகணேஷ் தையல் கடை இருக்கிறதே, பள்ளிக்கூடத்து யூனிபார்ம் தைப்பவன். ஒற்றைத் தளம். மேலே வீடு இல்லை, பின்னால் வெறும் பொட்டல், காற்று வயல் பக்கம் போய்விடும். விடிந்ததும் அங்கே போய் நின்றேன்.

"சிவகணேஷ், ஒம்ம கடைய எனக்குத் தாரும். என் கடைய நீரு எடுத்துக்கிடும்."

"ஏன் பாய், ராத்திரி தூக்கம் இல்லையா? மெயின் ரோட்டு எடத்த விட்டுட்டு இங்கன வாரேங்கீரு. இங்கன நாய்தான் வரும்."

"பரோட்டாவுக்கு ஆளு மோந்து பாத்துக்கிட்டே வரும் வே. சட்டைக்கு அப்படி வருமா? யோசியும்."

பகல் முழுக்க யோசித்தான். அவனுக்கு லாபம், எனக்கு மருமகள். ஒப்புக்கொண்டான்.

கல் புறப்பட்டது ஆனித் தேரோட்டம் போல இருந்தது. எட்டுப் பேர் சுமந்தோம். கிருபைராஜ் பஸ்ஸை நிறுத்தி வழிவிட்டார். "தள்ளணுமா பாய்?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். தெரு முழுக்க வாசலுக்கு வந்துவிட்டது. ஜப்பான் நாட்டுத் தூதர் வந்திருந்தாரா என்று எனக்கு நினைவில்லை, வந்திருப்பார். புதுக் கடையில் அடுப்புக்கு மேல் தகரக் கூடு போட்டு, பனை உயரத்துக்குப் புகைக்குழாய் ஏற்றியிருக்கிறேன். மாஸ்டருக்கும் எனக்கும் அது நல்லது என்று எஸ்றா சொன்னார். யாவாரம் பாதியாக இறங்கியிருக்கிறது. ஏறிவிடும். மோந்து பார்த்து வர நாலு நாள் ஆகுமல்லவா?

இனி கேள். இந்த வாரம் தினமும் விளக்கு வைத்த பிறகு மாடியில் தாசில்தாரை ஓடவிட்டேன். மறுபடி லீவில் வந்திருக்கும் எஸ்றாவைப் பக்கத்தில் உட்காரவைத்தேன், நான் எண்ணைத் தொடவில்லை. ஒன்பதாயிரத்துச் சொச்சம். ஒருநாள் மழை பெய்தது, ஆறாயிரம். ஒருநாள் எதிர்வீட்டில் குப்பையைக் கொளுத்தினார்கள், முப்பதாயிரம் வந்தது. போய்ச் சண்டை போட்டேன், இனிமேல் கொளுத்த மாட்டோம் என்றார்கள். கொளுத்தவே மாட்டார்கள் என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. காற்று சுத்தமாகிவிட்டது என்று நான் எழுதவில்லை. எண் இதுதான்.

நீ உடன்குடியில் இருப்பாய் என்றுதான் இந்தக் கடிதத்தை அந்த விலாசத்துக்கு அனுப்புகிறேன். வா என்று வற்புறுத்த மாட்டேன். எண்ணைப் பார்த்து நீயே முடிவு செய். எந்த வீட்டில் பெற்றாலும் நான் தாய்மாமன்தான்.

பிள்ளை பிறந்தால் குளிப்பாட்டிச் சாம்பிராணி காட்டக்கூடாதாமே என்று உன் மாமி கேட்டாள். கூடாது என்றேன். "வெந்நீராவது காட்டலாமா, அதுக்கும் உங்க தாசில்தாரக் கேக்கணுமா?" என்கிறாள். ஜன்னலைத் திறந்துவைத்து உட்கார்ந்துதான் இப்போதெல்லாம் சண்டை போடுகிறாள்.

உன்,
தாஜ் முகம்மது மாமா

*

உடன்குடி,
2 நவம்பர் 2025

அன்புள்ள மாமா,

கடிதத்தை இங்கே எல்லோரும் கூடி வாசித்தோம். ரசீத்தின் உம்மா, "அந்த மனுசன் கல்லையே தூக்கி வச்சிட்டாரா?" என்று மூன்று தடவை கேட்டார்கள். பிறகு அவர்களே என் பெட்டியை எடுத்து வெளியே வைத்தார்கள்.

நீங்கள் எழுதிய எண்ணை நான் எஸ்றாவிடம் சரிபார்க்கவில்லை. மழை பெய்த நாளையும் குப்பை எரிந்த நாளையும் சேர்த்தே எழுதியிருந்தீர்கள், அது போதும். பெங்களூரில் எங்கள் மாடியில் இதைப் போல இரண்டு மடங்கு வரும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ரசீத் காரில் கூட்டி வருகிறார். அவருடைய உம்மாவும் கூட வருகிறார்கள், பிரசவம் வரை இருப்பார்களாம். அவர்களுக்கும் ஒரு கட்டில் போடுங்கள். அவர்கள் முன்னால் உடன்குடியைப் பற்றி வாயைத் திறக்காதீர்கள்.

மாமியை அதற்குள் ஒரு டாக்டரிடம் கூட்டிப் போங்கள். உங்களையும் காட்டிக்கொள்ளுங்கள். இரண்டு பேருக்கும் மூச்சைப் பார்க்கச் சொல்லுங்கள். நான் வந்ததும் சீட்டைக் கேட்பேன்.

டாக்டர் எனக்கு ஜனவரிக் கடைசி என்று தேதி சொல்லியிருக்கிறார். ஊரில் நீங்கள் இரட்டைப் பிள்ளை என்று சொல்லுங்கள், பிறக்கும்போதே பிள்ளை சலாம் சொல்லும் என்று சொல்லுங்கள், எதை வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளுங்கள் மாமா. எனக்கு மாதம் நிறைந்தால் போதும்.

உங்கள் அன்பு மருமகள்,
ஷம்ஸியா